சிவப்பு வண்டியும் வீட்டுச் செருப்பும்

ஜனவரி ஆறாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில், எங்கள் வண்டியைக் கொலை செய்வது என்று முடிவெடுத்தேன்.

வேறு வழி இல்லை. அந்தச் சாம்பல் நிற வண்டிக்குப் பதினேழு வயது. ஒரு நாள்கூடப் படுத்தது கிடையாது. தும்மியதுகூடக் கிடையாது. வருஷா வருஷம் பரிசோதனைக்குக் கொண்டுபோவேன். பரிசோதகர் அதைச் சுற்றி வந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என் தலையில் இடியை இறக்குவார். "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்பார். என் மனைவி ஹில்க்கா அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவாள். எங்கள் கல்யாண போட்டோ இருந்த இடம் அது.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பா விட்டுப்போன காட்டில் மரம் வெட்டி விற்ற பணம் வந்தது. வேறு வண்டி வாங்குவதா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம் என்றாள். எங்கள் வீட்டில் சேர்ந்து முடிவு செய்வது என்றால், அவள் முடிவு செய்வாள், நான் சேர்ந்திருப்பேன்.

எனக்கு எந்த வண்டி வேண்டும் என்பது எங்கள் ஊரான கயானி சுற்றுவட்டாரம் முழுவதற்கும் தெரியும். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட வரிசை எங்களுடையது. எங்களுக்கு இரண்டு வாசல் தள்ளி இருப்பவர் ஒலாவி. அவரிடம் ஒரு சிவப்பு வண்டி இருந்தது. குட்டி வண்டி, பின்னால் ஒற்றைக் கதவு, வயிறு நிறையக் குதிரைத்திறன். காலை ஏழு மணிக்கு அவர் அதைக் கிளப்பும்போது வரும் உறுமல் இருக்கிறதே, அதைக் கேட்க நான் தினமும் சமையலறை ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நிற்பேன். காப்பி ஆறிவிடும். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அதுவும் யாரிடம் இருக்கிறது பாருங்கள். ஒலாவிக்கு அறுபத்தொரு வயது. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். நகர நீச்சல் குளத்தில் வேலை. போதாததற்கு முதுகு வலி. அந்த வண்டியின் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். அவர் அதிலிருந்து இறங்குவதில்லை, பிறக்கிறார். முதலில் ஒரு கை வெளியே வரும். பிறகு தலை வரும். பிறகு கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே வராது. அந்த மனிதருக்கு அப்படி ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டு, வளைந்துகொடுக்கும் உடம்பும் ரசனையும் உள்ள எனக்குச் சாம்பல் நிறத்தைக் கொடுத்த கடவுளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கார் பத்திரிகை ஒன்றை விரித்து ஹில்க்காவின் முன்னால் வைத்தேன். அதே சிவப்பு ரகம்.

"ஓட்டுற சந்தோஷத்துக்குப் பத்துக்கு ஒம்பது மார்க் குடுத்திருக்கான், பாரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள். "நம்பகத்துக்கு நாலு."

"நாலு ஒண்ணும் மோசமில்ல."

"இல்லதான். உங்களுக்கும் அதே நாலுதான் குடுப்பேன். ஆனா உங்களுக்கு அந்த ஒம்பதும் கிடையாதே."

பத்திரிகையை மூடி, அதன் மேல் ரொட்டித் தட்டை வைத்தாள். ஓடுகிற வண்டி வாசலில் நிற்கும்போது விளையாட்டுப் பொம்மை எதற்கு என்றாள். தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஏழரைக்கு முதல் ஆள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான், வண்டி கிளம்பவில்லை என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியாது என்றாள். அது ஒரு நாள், ஒரே ஒரு நாள் கிளம்பாமல் போகட்டும், அன்றைக்கு வேறு வண்டியைப் பற்றிப் பேசுவோம் என்று முடித்தாள்.

ஒரே ஒரு நாள். கேட்டீர்கள் அல்லவா? என்னைத் தூண்டிவிட்டது அவள்தான்.

எங்கள் முற்றத்தில் ஒவ்வொரு வீட்டு வண்டிக்கும் ஒரு சூடேற்றும் கம்பம் உண்டு. அதன் தலையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் மின்சாரத் துளையும் மணி காட்டும் டயலும் இருக்கும். சாயங்காலமே வண்டி மூக்கில் வயரைச் செருகி, கிளம்பும் நேரத்துக்கு டயலைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் மின்சாரம் பாய்ந்து எஞ்சினைச் சூடாக்கும். வயரைப் பிடுங்கினால் கண்டுபிடித்துவிடுவாள். டயலை ஏழிலிருந்து ஒன்பதுக்குத் திருப்பினால் யாருக்குத் தெரியும்? பதினேழு வயது வண்டி, பழைய பேட்டரி, மைனஸ் இருபத்தெட்டு. சாட்சி இல்லாத கொலை.

சானா என்கிற நீராவி அறையில் வியர்த்துவிட்டு ஹில்க்கா தலை துவட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போய்க் காரியத்தை முடித்தேன். மொத்தம் இருபது வினாடி.

காலையில் ஜன்னலில் நின்றேன். ஹில்க்கா சாவியைத் திருகினாள். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. மறுபடி திருகினாள், அந்த முனகலும் போயிற்று. எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. துக்கம் விசாரிக்கிற முகத்தைத் தயார் செய்துகொண்டு வெளியே ஓடினேன்.

"தானாச் செத்துப்போச்சு போல" என்றேன். "வயசாச்சுல்ல, பாவம்."

அவள் என்னைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். முதல் பஸ் எட்டே முக்காலுக்குத்தான். அந்த நேரத்தில்தான் பின்னால் அந்த உறுமல் கேட்டது. சிவப்பு வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது.

"கவலைப்படாதீங்க" என்றாள் ஹில்க்கா என்னிடம், உள்ளே ஏறிக்கொண்டே. "ஒலாவி இருக்காரு."

வண்டி முற்றத்து வளைவில் பின்பக்கத்தைச் சின்னதாக ஆட்டிவிட்டுப் போயிற்று. உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது நான் ஏணியிலிருந்து விழுந்தபோது.

எட்டரைக்குச் சும்மா போய்ச் சாவியைத் திருகிப் பார்த்தேன். சாம்பல் வண்டி வெட்கமே இல்லாமல் உயிர்த்தெழுந்தது. அவசரமாக அணைத்துவிட்டு, நகராட்சி வரைபட அலுவலகத்தில் இருக்கும் என் வேலைக்கு வழக்கம்போலப் பஸ்ஸில் போனேன்.

அன்று மாலையே அவள் பணிந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பணியவில்லை. வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குளிர் குறைந்தால் கிளம்பிவிடும் என்றாள். சரி, இன்னும் இரண்டு தடவை கொன்றால் போதும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் ஒலாவியோடு போனாள். மூன்றாம் நாள் உதட்டில் ஏதோ பூசிக்கொண்டு போனாள். குளிருக்கு உதடு வெடிக்காமலிருக்க என்றாள். முப்பத்தோரு குளிர்காலம் வெடிக்காத உதடு.

ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "ஒலாவி மூணாவது கியர்லருந்து ரெண்டுக்கு எவ்வளவு மிருதுவா எறக்குறாரு தெரியுமா" என்றாள்.

கட்டியவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் பேசுகிற பேச்சா இது? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஏங்கித் தவிக்கிற இருக்கையில் என் மனைவியை நானே ஏற்றிவிட்டிருக்கிறேன். வண்டி அவருடையது. பக்கத்தில் என் மனைவி. எனக்கு டயல். அந்த ஒலாவியின் முதுகு நிரந்தரமாக நிமிராமல் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் திருந்தினேன். டயலை ஒழுங்காக ஏழுக்கு வைத்தேன். சாம்பல் வண்டி வாழ்க என்று அதன் முகப்பைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். காலையில் ஹில்க்கா சாவியைத் திருகினாள். வண்டி அசையவில்லை. சிவப்பு வண்டி தயாராக வந்து நின்றது.

அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்தேன். டயல் ஒன்பதில் இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒலாவியின் வேலைதான், வேறு யார்? என் சொந்தச் சதியை என்னிடமிருந்தே திருடி எனக்கே செய்கிறார். உலகத்தில் மனசாட்சி என்பதே இல்லையா?

சனிக்கிழமை வந்தது. லைப்ரரியில் புத்தகம் திருப்ப வேண்டும், ஒலாவி அந்தப் பக்கம்தான் போகிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கதவு சாத்திய பிறகு பார்த்தேன். புத்தகங்கள் மூன்றும் செருப்பு அலமாரி மேலேயே இருந்தன.

சாம்பல் வண்டி கிளம்பவில்லை, கிளம்பாமல் செய்த புண்ணியவானைத்தான் துரத்த வேண்டியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த வாகனம் உதைவண்டி ஒன்றுதான். இரண்டு நீளச் சறுக்குக் கம்பிகள் மேல் ஒரு நாற்காலி. பின்னால் நின்று ஒரு காலால் தரையை உதைத்தால் ஓடும். ஹில்க்கா அதில் பால் வாங்கி வருவாள். அதில் ஏறி, மனைவியைக் கடத்திப்போன இருநூறு குதிரைகளை ஒற்றைக் காலால் துரத்தினேன்.

வழி தேட வேண்டியிருக்கவில்லை. அந்த உறுமல் எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். அது உறைந்த ஏரிப் பக்கமிருந்து வந்தது. அங்கே ஏரியின் மேலேயே ஊர்க்காரர்கள் பனியை ஒதுக்கி, வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டிப் பழக ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். மீசையெல்லாம் பனிக்கட்டியோடு நான் கரையை அடைந்தபோது ஒலாவி தனியாக ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"வா எஸ்கோ, காப்பி குடிக்கிறியா?"

"என் பொண்டாட்டி எங்க?"

அவர் கோப்பையால் ஏரியைக் காட்டினார். சிவப்பு வண்டி வளைவில் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. முழுசாகப் பக்கவாட்டில். டயரில் பதித்த ஆணிகள் பனியைக் கீறி மேகமாக வீசின. ஸ்டியரிங்கில் என் மனைவி. ஐம்பது போகலாம் என்று பலகை இருக்கும் தெருவில் நாற்பதில் போகிறவள், பின்பக்கத்தை வீசியெறிந்து, பிடித்து, நேராக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள்.

"நான் ரெண்டு தடவதான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் ஒலாவி. "மூணாவது தடவ அவங்க எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நிம்மதிதான் வந்தது. ஆனால் அது ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை. அவள் ஒலாவியோடு ஓடிப்போயிருந்தால் அழுதிருப்பேன், நாலு பேர் வந்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவள் ஓடிப்போனது என் வண்டியோடு. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அந்தக் கரையில் நின்று, கட்டிய மனைவியைப் பார்த்து வயிறு எரிந்தேன்.

வண்டி பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவளுடைய கன்னம் வண்டியின் நிறத்தில் இருந்தது.

"உதைவண்டியிலயா வந்தீங்க? மூஞ்சியெல்லாம் பனி."

"லைப்ரரி போறேன்னு சொன்னியே."

"நீங்க வண்டி தானாச் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே."

மீசையிலிருந்த பனியைத் தட்டிவிட்டேன். "எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அதுக்கு முந்தின சாயங்காலம் புதுப்பனி விழுந்திருந்துச்சு. நம்ம வாசல்லருந்து கம்பம் வரைக்கும் வீட்டுச் செருப்புத் தடம். மைனஸ் இருபத்தெட்டுல வீட்டுச் செருப்போட வெளிய போற ஆம்பள இந்த வரிசையில ஒருத்தர்தான்."

"சரி, தப்புதான். ஆனா நாலாம் நாள் நான் ஒழுங்கா ஏழுக்கு வெச்சேனே."

"வெச்சீங்க. நான்தான் ஒம்பதுக்கு மாத்தினேன். ஒலாவி முதுகு வலியால இதை விக்கிறாரு, ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். நடுவுல நீங்க திருந்திட்டா நான் என்ன பண்றது?"

ஒலாவி ரொம்ப நாகரிகமானவர். திரும்பி நின்று ஏரியின் அந்தப் பக்கக் கரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நம்பகம் நாலு மார்க்குன்னு நீதானே சொன்ன" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். நம்பகமா ஒண்ணு வேணும், சந்தோஷமா ஒண்ணு வேணும். நம்பகமானது நம்மகிட்ட இருக்கு. நீங்க இத்தனை தடவ கொல்லப் பாத்தும் சாகல, அதைவிட நம்பகம் எங்க கிடைக்கும்? அதை நீங்க வெச்சுக்குங்க. இனிமே பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்."

"எனக்கு இதை ஓட்டக் குடுப்பியா?"

அவள் நியாயமாக யோசித்தாள். "பனி உருகட்டும். கழுவக் குடுக்கிறேன்."

கண்ணாடி ஏறத் தொடங்கியது, பாதியில் நின்றது. "ஏங்க, இது குளிர் தாங்காத வண்டியாம். தினம் சாயங்காலம் வயரைச் செருகி டயலைச் சரியா வெக்கணும். நீங்களே செஞ்சிடுங்க. அந்தப் பெட்டியில உங்களுக்குத்தான் கைப்பழக்கம்."

அன்றிலிருந்து தினமும் சானா முடிந்ததும் நான் வெளியே போகிறேன். அதற்காகவே ரோமம் வைத்த பூட்ஸ் வாங்கித் தந்திருக்கிறாள். சிவப்பு வண்டிக்கு வயரைச் செருகுகிறேன், டயலை ஏழுக்கு வைக்கிறேன், திரும்பி வந்தால் "சரியா வெச்சீங்களா" என்று கேட்பாள் என்பதால் மறுபடி போய்ப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை மைனஸ் முப்பத்தொன்று. சிவப்பு வண்டி ஒரே திருகலில் கிளம்பி, வளைவில் பின்பக்கத்தை ஆட்டிவிட்டுப் போயிற்று. ஜன்னலில் நின்று பார்த்தேன், காப்பி ஆறியது. பிறகு என் வண்டிக்குப் போனேன். வயர் தரையில் கிடந்தது. இரண்டு தடவை போய்ப் பார்த்தவன், இரண்டு தடவையும் அவளுடையதையே பார்த்திருக்கிறேன். சாவியைத் திருகினேன், அது முனகக்கூட இல்லை.

ஹில்க்காவுக்கு போன் செய்தேன். பின்னால் யாருடைய பல்லையோ குடைகிற சத்தம் கேட்டது. "கவலைப்படாதீங்க" என்றாள். "ஒலாவி இருக்காரு."

இருந்தார். எட்டே முக்கால் பஸ்ஸில், முதுகு நிமிர்ந்து, எனக்கும் இடம் போட்டு வைத்திருந்தார்.