ரத்தத்துக்காக ஓடுகிறவர்

ஓடுகிறவர்களில் பல வகை உண்டு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், மேலதிகாரியைக் கண்டு ஓடுகிறவர், டாக்டர் சொன்னார் என்பதற்காக வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஓடுகிறவர். இவர்களால் நமக்குத் தொந்தரவில்லை. வருகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள், போகிறார்கள். ஆனால் சமீப காலமாக இன்னொரு இனம் பெருகியிருக்கிறது: நல்ல காரியத்துக்காக ஓடுகிறவர். இவர் சும்மா ஓடமாட்டார். ஒரு நோயைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் அவர் ஓட, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நீங்கள் தர வேண்டும். அவர் ஓடாமலே தரக்கூடாதா என்று கேட்காதீர்கள். கேட்டால் நீங்கள் நோயின் கட்சி.

இங்கே பார்க்கப்போகிறவர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் விற்பனை மேலாளர். வயது ஐம்பத்துமூன்று. ஆபீசில் அவருக்குப் பெயர் கிலோமீட்டர் சார். அவருடைய தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது, பிறவியிலேயே தலசீமியா. உடம்பு தன் ரத்தத்தைத் தானே ஒழுங்காகச் செய்துகொள்ளத் தெரியாத பரம்பரை நோய் அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக இதைத் தங்கை சத்தமில்லாமல் செய்துவந்தாள். சத்தம் போட அண்ணன் வந்தார்.

எப்படிப்பட்ட சத்தம்! விடியற்காலையில் ஷூவைப் படம் பிடித்து அனுப்புவார். பத்து மணிக்கு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம், இதயம் எத்தனை முறை அடித்தது என்று கைக்கடிகாரம் சொன்னதையெல்லாம் அனுப்புவார். மதியம் கலர் அட்டையைப் பற்றி ஆரம்பிக்கிற கூட்டம், வெளிச்சுவர், உள்சுவர் எல்லாம் தாண்டி, அவருடைய இடது முழங்காலில் வந்து முடியும். லிஃப்ட் இருக்க, நொண்டிக்கொண்டே மாடிப்படி ஏறுவார். யாராவது ஏன் சார் என்று கேட்கிறவரைக்கும் நொண்டுவார். கேட்டதும் பதில் தயார்: "எனக்காகவா ஓடறேன்?"

ஒரு நாள் தங்கை மகளைப் படமெடுக்கப் போனார். நன்கொடைச் செய்திக்கு ஒரு முகம் வேண்டுமே. கொஞ்சம் சோர்வாகப் பார்க்கும்படி சொன்னார். அவள் வாயாடி.

"ரத்தம் ஏத்தி ரெண்டு நாள்தான் மாமா ஆச்சு. இப்பல்லாம் சோர்வு வராது. பதினெட்டாம் நாள் வாங்க."

கிலோமீட்டர் சார் ஊரூராகப் பேசவும் செய்தார். பேச்சு நன்றாகவே இருக்கும். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அம்மா அப்பா இருவருமே கேரியராக இருந்தால்தான் குழந்தைக்கு இந்த நோய் வரும் என்று விளக்குவார். கேரியர் என்றால் சைக்கிளுக்குப் பின்னால் இருக்குமே, அதுவா சார் என்று கோடவுன் ஆள் ஒருவர் கேட்டார். கிட்டத்தட்ட அதுதான், பின்னால் என்ன சுமை இருக்கிறதென்று தெரியாமலே மிதித்துக்கொண்டு போகிறவர் என்று இவர் சொன்ன பதிலுக்குக் கைதட்டல் எழுந்தது. நாற்பது பேருக்குப் போட்டுக் கொடுத்த பனியனில், நெஞ்சுக்கு நேராக, கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: உங்கள் ரத்தத்தை நீங்கள் அறிவீர்களா?

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதே பனியனோடு தங்கை வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். வெளியூரில் இருக்கும் அவர் மகனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, மருமகளுக்கு இது மூன்றாவது மாதம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். தங்கை சந்தோஷப்பட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, பையனை ஒரு டெஸ்ட் எடுத்துக்கச் சொல்றியா?"

"என்ன டெஸ்ட்?"

"உன் பனியன்ல இருக்கே, அதுதான். இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லது. நாள் போச்சுன்னா ஒண்ணும் செய்யமுடியாது."

அவர் குனிந்து தன் நெஞ்சைப் படித்தார், முதல்முறையாகப் படிப்பதுபோல.

"இது பொதுமக்களுக்கும்மா."

இதில் நடிப்பு எதுவும் இல்லை. ஓடும்போதே அடுத்த கிலோமீட்டரின் நேரத்தை மனக்கணக்காகப் போடுகிறவர், ஒரு சின்னக் கணக்கை இத்தனை நாளும் போட்டதே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் நோய் என்றால் தங்கையும் கேரியர். தங்கைக்கு வந்தது ஆகாயத்திலிருந்து வரவில்லை. அவரும் அவளும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள். ஆனால் அவர் மனத்தில் அந்த நோய் எப்போதுமே தங்கை புருஷன் வீட்டிலிருந்து வந்தது. பரம்பரை என்ற சொல்லைப் பெருமைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நோய்க்கு வரும்போது அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர் அவர் ஒருவர்தானா என்ன?

"மருமக வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? நம்ம குடும்பத்துல அப்படியெல்லாம் எதுவும் கிடையாதும்மா," என்றார்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமி தலை நிமிர்ந்தாள்.

"அப்ப நான் எந்தக் குடும்பம் மாமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதயம் எகிறியிருப்பதாக அது காட்டியது. ஓட்டம் முடியட்டும், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து, படியிறங்கி, தெருமுனை வரைக்கும் ஓடியே போனார். தமிழ் சிக்கனமான மொழி. ஓடுவதற்கும் ஓடிப்போவதற்கும் வேறு வேறு வினைச்சொல் அது வைத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் போயிற்று. அண்ணன் சொல்லியிருப்பான் என்று தங்கை நம்பிப் பார்த்தாள். பிறகு, ரத்தம் ஏறிக்கொண்டிருந்த மகளின் கட்டிலருகே உட்கார்ந்து, அண்ணன் மகனுக்குத் தானே போன் போட்டாள். அப்பா அந்த விஷயமாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"மெசேஜ் வந்துச்சே அத்தை. அன்னிக்கே பணம் அனுப்பிட்டேனே."

தங்கை போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அன்று மாலையே அவனும் மனைவியுமாகப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அவன் கேரியர் என்று முதலில் தெரிந்தது. அவளுடைய முடிவு வர மேலும் நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அந்த வீட்டில் குழந்தைக்குப் பெயர் யோசிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஐந்தாம் நாள் வந்தது: அவளுக்கு இல்லை. செய்தி தெரிந்ததும் மகனைப் பெற்றவளும், அதாவது கிலோமீட்டர் சாரின் மனைவியும், யாரிடமும் சொல்லாமல் போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் இல்லை. இனி விடை ஒரே ஒருவரிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவரோ நிற்கிறவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். ஐந்து மணி ஐம்பது நிமிஷம். சேர்ந்த பணத்தில், சிறுமிக்கு ரத்தம் ஏற்றுகிற வார்டுக்கு நான்கு புதுக் கட்டில்கள் வந்தன. கட்டில்கள் உண்மையானவை, அவற்றைக் கேலி செய்ய முடியாது. சாயங்காலம், வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது மகன் போனில் கூப்பிட்டான். வாழ்த்தினான். பிறகு கேட்டான்.

"ஏம்பா எங்ககிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு பாத்தேன்டா."

"நானா?"

வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. முட்டி சரியானதும் தானும் டெஸ்ட் எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். அதற்கு முட்டி எதற்கு என்று மகன் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆபீசில் அறிவிப்பு வந்தது: அடுத்த வருடம் மலைப்பாதையில் அறுபது கிலோமீட்டர், கேரியர் பரிசோதனை விழிப்புணர்வுக்காக.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் ஓடுகிறவர் இல்லை. மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்கும். சரி. ஆனால் ஊருக்கெல்லாம் நீங்கள் மிக நன்றாக எடுத்துச் சொல்கிற விஷயம் ஒன்று இருக்குமே, அது எது? அதைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்க வாயெடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஆரம்பிக்கும்போது உங்கள் கால் செருப்பைத் துழாவுகிறதா, பாருங்கள். துழாவினால், எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும்தான் பாக்கி.