சமமாக வந்த இரண்டு குவியல்

சுதா, கணேசா, உங்கள் அப்பாவுக்குப் பங்கு வைப்பதைத் தவிர வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. அந்த ஒன்றை வைத்துத்தான் சுதாவின் படிப்பில் மண்ணைப் போட்டேன்.

வடகரைத் தோப்புகளில் தேங்காய் வெட்டு விழுந்தால், அண்ணன் தம்பிக்குக் காய் பிரித்து வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டவனுக்கு இது கலெக்டர் பதவி மாதிரி.) இரண்டு குவியலும் சமமாக இருக்கவேண்டும். ஒரு காய் கூடினால் அரிவாள் பேசும்.

சுதா, நீ எம்.எஸ்ஸி. கடைசி வருடம். புரோட்டான்களை எதிரெதிரே மோதவிட்டுப் பதிந்த படங்களைக் கட்டுக்கட்டாக அச்செடுத்து வைத்திருந்தாய். மோதலில் W என்றொரு துகள் பிறந்து, பிறந்த கணமே அழிந்துபோகும். அது விட்டுப்போன ஒற்றைக் கோட்டைப் பார்த்துத்தான் அது வந்துபோனதே தெரியும் என்றாய். கோடு இந்தப் பக்கம் வளைந்தால் பிளஸ், அந்தப் பக்கம் வளைந்தால் மைனஸ். எது எத்தனை என்று எண்ணி, குற்றாலத்தில் நடக்கும் மாணவர் முகாமில் விளக்கவேண்டும். சிறப்பாக விளக்கும் ஒரே ஒருவருக்கு, வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதப் பயிற்சி.

முகாமுக்கு முந்தின நாள் உனக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பாதிப் படம் மிச்சம். "நான் பிரிக்கேன், நீ படுட்டி" என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் பிளஸ் குவியல் உயரமாக நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஏறுக்குமாறாக நான் பங்கு வைத்ததே இல்லை. வளைவு சரியாகத் தெரியாத நேர்கோடுகளை எல்லாம் மைனஸில் போட்டேன். போதவில்லை. நன்றாக வளைந்தவற்றிலும் சிலவற்றை எடுத்து... போட்டேன். இரண்டும் சமம். நிம்மதியாகச் சோறு இறங்கியது.

மறுநாள் பஸ்ஸில் நீ எண்ணிப் பார்த்துவிட்டு, "பிளஸ் கூட வரும்னுல்லா நினைச்சேன். ஒழுங்காப் பாத்துத்தானே பிரிச்சீய?" என்றாய்.

"ஏட்டி, எங்கிட்டயா கேக்க?" என்றேன்.

முகாமில் பெற்றோர்களுக்குக் கடைசி வரிசை. பக்கத்தில் சிவகிரிக்காரர் ஒருவர், அவர் பையனும் போட்டியில். பாதிப் படம் நான்தான் பிரித்தேன் என்று அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தபோது, மேடையில் பேராசிரியை உன் தாளைக் கையில் எடுத்தார். புரோட்டானுக்குள் குவார்க் என்னும் சிறுதுகள்களில் ஒரு வகை இரண்டும் இன்னொரு வகை ஒன்றும் இருப்பதால் பிளஸ் அதிகமாகத்தான் விழும், அந்த ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்ளத்தான் இந்தப் பயிற்சியே என்றார். பிறகு கேட்டார்:

"ரெண்டும் ஒண்ணுபோல வந்திருக்கே. இது எண்ணினதா, எழுதினதா?"

நீ கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எண்ணுனேன், மேடம்."

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். சிவகிரிக்காரர் என் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, நீங்க பிரிச்சதாச் சொன்னீய?" என்றார்.

"எங் குடையை எங்கன வச்சேன்னு பாருங்க" என்றேன். (குடை என் மடியில் இருந்தது.)

பொய்க்கணக்கு எழுதியவள் என்ற பெயரோடு நீ மேடையை விட்டு இறங்கினாய். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போயிற்று. வழியெல்லாம் சாரல். நம்மூர் குத்துக்கல்வலசையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றைக்கும் இட்லி பங்கு வைக்க நான் சட்டியைத் தொட்டால், "அப்பாட்ட குடுக்காதிய, புரோட்டானையே ஒழுங்குபடுத்துன ஆளு" என்கிறான் கணேசன். எல்லோரும் சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கிறேன்.

முகாம் முடிந்த அடுத்த வாரம், நீங்கள் யாரும் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம், அந்தக் கட்டை அவிழ்த்து முதல் படத்திலிருந்து மறுபடி பிரித்தேன். வளைவு தெரியாதவற்றை 'தெரியவில்லை' என்று தனியே வைத்தேன். பிளஸ்தான் அதிகம். மூன்று எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி, கீழே, 'முன்பு இதைச் சமமாக்கியது நான். என் மகள் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தென்காசித் தபாலாபீஸில் பேராசிரியை பெயருக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.