தானாகக் கற்றவரின் கத்திப்பிடி

தானாகக் கற்றவர் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருகிறது. யார் முன்னாலும் கைகட்டி நின்று எதையும் கற்றதில்லை என்பது இவர்களுடைய பெருமை. விசாரித்துப் பாருங்கள், நாற்பது ஆசிரியர்களாவது இருப்பார்கள். அத்தனை பேரும் கைப்பேசிக்குள் இருப்பார்கள். இந்த ஆசிரியர்களிடம் ஒரு வசதி உண்டு: மாணவன் செய்த வேலையை அவர்கள் பார்ப்பதே இல்லை.

கொல்லிமலை அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், தண்ணீர் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ஜாபர் உசேனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் படம் வரைந்து, பொத்தானை அமுக்கிவிட்டுக் காப்பி குடிக்க, மெஷின் தன்பாட்டுக்கு மரத்தைக் குடைந்து, விரல்களுக்குப் பள்ளமும் உள்ளங்கைக்கு மேடும் கட்டைவிரலுக்குக் குழியுமாக ஒரு கத்திப்பிடியைச் செதுக்கித் தருவதை அவர் ஒருநாள் கைப்பேசியில் பார்த்தார். அவரை இழுத்தது கத்திப்பிடியா, அந்தக் காப்பியா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. கொஞ்ச நாளில் கடையின் பின்னறையில் அதே மாதிரி, கம்ப்யூட்டர் சொன்னபடி குடையும் ஒரு சிஎன்சி மெஷின் வந்து உட்கார்ந்தது.

கற்பதற்கு முன்பே கற்பிக்கத் தொடங்குவது இந்த இனத்தின் வழக்கம். கொல்லிமலை மேலிருக்கும் குண்டனி நாட்டுப் பக்கமிருந்து வால்வு வாங்க மலையிறங்கி வந்த கருப்பண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, மெஷின் எந்தெந்தத் திசையில் எப்படி நகரும் என்று விளக்கினார். கருப்பண்ணன் பொறுமையாகக் கேட்டார். வால்வு இன்னும் கைக்கு வரவில்லை அல்லவா? கடைசியில், "இத்தன பண்ணுனா கத்தி நல்லா வெட்டுமுங்களா?" என்றார். வெட்டுவது பிடியின் வேலை இல்லை என்றார் ஜாபர் உசேன். உண்மைதான்.

பரிசோதனைக்கு இவர்கள் சொந்தப் பொருளைத் தொடமாட்டார்கள். மனைவியின் பொருளைத் தொடுவார்கள். ஜுலைகா பீவியிடம் ஒரு கத்தி இருந்தது. வீட்டில் எத்தனை கத்தி கிடந்தாலும் அவர் கை தேடிப் போவது அதைத்தான். "அளவெடுக்கத்தான்" என்று சொல்லி அதன் பழைய பிடியைக் கழற்றினார் கணவர். கழற்றும்போதே பிளந்துபோனது. பக்ரீத்துக்குள் புதுப்பிடி, உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாதபடி உன் கைக்கென்றே ஒரு பிடி என்று வாக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து ஜுலைகா பீவி இரும்புக் காம்பில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார். கத்தி நழுவியது. விரலில் பிளாஸ்திரி ஏறியது.

"ஏனுங்க, குர்பானிக் கறிய பங்கு போடோணும். அன்னிக்கும் இந்தத் துணிதானுங்களா?"

"கத்துக்கிட்டு இருக்கறேன்."

இதைவிடப் பத்திரமான பதில் உண்டா? கற்றுக்கொண்டிருப்பவரை யார் கோபித்துக்கொள்ள முடியும்?

முதல் பிடி வந்தது. பள்ளங்கள் ஒழுங்காக இருந்தன. கட்டைவிரல் குழி மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்ததில், வலப்பக்கம் போகச் சொன்னால் மெஷின் இடப்பக்கம் போயிருக்கிறது. பிடி மொத்தமும் கண்ணாடியில் பார்த்ததுபோல வந்துவிட்டது. நீங்களும் நானும் இதைத் தவறு என்போம். தானாகக் கற்றவர் தவறு செய்வதில்லை, 'வெர்ஷன் ஒன்று' செய்கிறார். வெர்ஷன் ஒன்று, ஆடிக்கொண்டிருந்த மெஷின் மேசையின் காலுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. ஒயரைச் சரிசெய்தபின் வந்த வெர்ஷன் இரண்டு, கரண்ட் போனதில் பாதியில் நின்றது. மூன்று புகைந்தது.

பக்ரீத்துக்கு முந்தின நாள், பலா மரத்தில் மஞ்சளாகப் பளபளத்துக்கொண்டு வெர்ஷன் நான்கு அடுப்படிக்குள் நுழைந்தது. கூடவே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடி மகள் தஸ்னீம். ஒட்டுவதற்கு முன் பிடித்துப் பார்க்கச் சொன்னார் ஜாபர் உசேன். ஜுலைகா பீவி பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் மேட்டின் மேல் ஏறி நின்றது. குழி மறுபக்கம் சும்மா கிடந்தது.

"உறுத்துதுங்க."

"நீ புடிக்கறது சரியில்ல" என்றார் அவர். பிடி சரியாக இருக்கும்போது கைதானே தப்பாக இருக்க வேண்டும்? விரல் விரலாகத் திருத்தி வைக்கத் தொடங்கினார்.

"அத்தா, அம்மா எடது கையில புடிச்சிருக்காங்க" என்றாள் தஸ்னீம்.

"ஏன், வலது கையில என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க" என்றார் ஜுலைகா பீவி. "கத்தி புடிச்ச நாள்லருந்தே நான் எடது கையிலதானுங்க வெட்டறேன்."

சாப்பிடுவது, பரிமாறுவது எல்லாம் வலக்கைதான். கத்தி மட்டும் இடக்கை. கல்யாணமான நாள் முதல் அந்தக் கை நறுக்கிய வெங்காயத்தைத்தான் ஜாபர் உசேன் சாப்பிட்டு வருகிறார். மெஷின் எந்தத் திசையில் எத்தனை நூல் நகரும் என்று அவருக்குத் தெரியும். இதை யாரும் வீடியோவாகப் போட்டிருக்கவில்லை.

ஜாபர் உசேன் பின்னறைக்குப் போய், மேசையை ஒரு கையால் தூக்கி, காலுக்கடியில் கிடந்த வெர்ஷன் ஒன்றை உருவி, கைலியில் துடைத்துக்கொண்டு வந்து காம்பில் செருகினார். ஜுலைகா பீவி ஒரு வெங்காயத்தை எடுத்தார். கத்தி தன் வீட்டுக்கு வந்ததுபோல ஓடியது.

"இதுதானுங்க என் கைக்கு. இத ஏன் மொதல்லயே குடுக்கல?"

"உனக்குன்னு மொதல்ல செஞ்சதே இதுதான்."

"அப்புறம் மேசக்காலுக்கு எதுக்குங்க வச்சீங்க?"

"மரம் பதமாகோணுமில்ல?"

ஜுலைகா பீவி இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். ஜாபர் உசேன் கைப்பேசியின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இடக்கைக்காரர்களுக்குப் பிடி செய்வது எப்படி என்று விளக்கத் தொடங்கினார். குர்பானிக் கறி ஒழுங்காகப் பங்கு போடப்பட்டது. வெர்ஷன் நான்கு இப்போது மேசைக்காலுக்கு அடியில் பளபளக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வி: உங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்குகிறவர் எந்தக் கையால் நறுக்குகிறார்? கைப்பேசியைக் கீழே வையுங்கள். அதில் இருக்காது.