பதினேழாம் நம்பர் சதுரம்

ஒரே ஒரு ஊரில், ஊருக்கு நட்டநடுவில் ஒரு காடு இருந்ததாம். காட்டைச் சுற்றி பஸ் ஓடுமாம். அந்தக் காட்டுக்குள் போய் நாலு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே என்ன செடி எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

சொன்னவர் எங்கள் ஆபீசர். போனவன் நான். ஊர் டில்லி. காடு, ரிட்ஜ்.

எனக்கு ஒரு சர்க்கார் தாவர ஆபீசில் வேலை. தற்காலிகம்தான். ரிட்ஜில் எந்த இடத்தில் எந்தச் செடிகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன என்று பார்த்து, வகை பிரித்து, வரைபடத்தில் கலர் அடிக்க வேண்டும். தௌ மரம், இலந்தை, ஆடாதோடை இதெல்லாம் ரிட்ஜின் சொந்தப் பிள்ளைகள். அவை அதிகமாக இருந்தால் அந்தத் துண்டுக்குப் பச்சை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட விலாயத்தி கீகர், அதாவது நம்ம ஊர் சீமைக்கருவேலம், அதிகமாக இருந்தால் சாம்பல்.

பச்சை என்றால் யாரும் தொடக் கூடாது. சாம்பல் என்றால் எல்லாவற்றையும் வழித்துவிட்டுப் புல்தரை, சிமெண்ட் பெஞ்சு, நடுவில் ஒரு ஃபவுண்டன்.

பதினாறு சதுரம் முடிந்திருந்தது. பாக்கி பதினேழு ஒன்றுதான். திங்கட்கிழமை காலை மீட்டிங். அந்தத் துண்டு பச்சையா சாம்பலா என்பது உன் கையில் இருக்கிறது என்று ஆபீசர் சொல்லி அனுப்பினார். எண்ணுவதற்கு முன்னால் சதுரத்துக்குள் காலைக்கூட வைக்காதே, ஒரு நாற்று மிதிபட்டாலும் கணக்கு தப்பிவிடும் என்றும் சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயந்திரம் போனேன். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். வெளியிலேயே சுற்றிச் சுற்றி வந்து முளை அடித்தேன். கயிறு கட்டினேன். மூலைக்கு மூலை சுண்ணாம்புப் பொடி தூவினேன். தகரத்தில் '17' என்று எழுதி ஒரு முளையில் தொங்கவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அழகாக இருந்ததுதான் வினை. ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்ததிலிருந்து டில்லியில் எவனாவது தரையில் முளை அடித்துச் சுண்ணாம்பு போட்டால், செடி எண்ணப் போகிறான் என்று யாரும் நினைப்பதில்லை. மனை பிரிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

கிளம்புகிற நேரத்தில் நடைபாதையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தொப்பி, மஃப்ளர், கையில் மடித்த பேப்பர். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "தம்பி நம்ம ஊரா?" என்றார். சங்கரலிங்கம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். ஒரு மினிஸ்ட்ரியில் கிளார்க்.

அண்ணாச்சி தன் கதையைச் சொன்னார். சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறாராம். இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட், வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். மனைக்கு எழுதிப் போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டதாம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கதை கேட்டே வளர்ந்தவன். எங்கள் வீட்டில் தாத்தா கதை சொன்னால் கேட்கிறவன் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ராஜா காட்டுக்குப் போனான், ம். புலி வந்தது, ம். அந்தப் பழக்கம் போகவே இல்லை. யார் எதை நீட்டிச் சொன்னாலும் என் வாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும், மனசு வேறு எங்கேயோ இருக்கும். அன்றைக்கு மனசு முழுக்க பஸ்.

"அப்ப கடைசியில நமக்கு இங்கனதான் குடுக்கப் போறாவளா?"

"ம்."

"இந்தப் பதினேழாம் நம்பரு இன்னும் யாருக்கும் ஆவலியே?"

"ம்."

அண்ணாச்சி என் தோளில் தட்டிக் கொடுத்தார். எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நோட்டும் பென்சிலுமாகப் போனேன். தூரத்திலிருந்தே ஏதோ சரியில்லை. முந்தின நாள் என் இடுப்பளவுக்குப் புதர் இருந்த இடத்தில் வெறும் தரை தெரிந்தது.

சதுரம் சுத்தமாக வழித்துவிடப்பட்டிருந்தது. நடுவில் இரண்டு தௌ மரம் மட்டும் நின்றது. மூலையில் ஆடாதோடைக் குவியல். கயிற்றை ஒட்டி நாலு பக்கமும் முள்வேலி. அரிவாளோடு அண்ணாச்சி. அவர் சம்சாரம் ஒரு ஜமக்காளத்தை விரித்து ஃப்ளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். '17' தொங்குகிற முளைக்கு முன்னால் ஒரு கோலம். என் சுண்ணாம்புப் பொடி.

"வா தம்பி, வா. செருப்ப அங்கன கழத்திட்டு உள்ள வா."

காலே வைக்கக் கூடாத சதுரத்துக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். மனையைக் கையில் எடுத்ததும் சுத்தம் பண்ணி வேலி போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் டில்லியில் இன்னொருத்தன் உட்கார்ந்துவிடுவான் என்று விளக்கினார். முள்ளுச் செடியையெல்லாம் வேலிக்கு எடுத்துக்கொண்டாராம். ஊரில் அப்படித்தானாம். தௌ மரம் இரண்டையும் வாசல் நிழலுக்கு விட்டுவைத்தாராம்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொருத்தர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே குச்சி நட்டு, பைஜாமா நாடாவை உருவி எல்லை கட்டி, ஒரு பஞ்சாபிப் பெரியவர் பதினெட்டாம் நம்பர் மனையை உண்டாக்கியிருந்தார். ஒரு கையால் பைஜாமாவைப் பிடித்தபடி இன்னொரு கையால் எனக்கு நமஸ்தே சொல்ல முயன்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காது. அதனால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மனை இல்லை, வீடு இல்லை. செடிகளை எண்ணத்தான் கயிறு. எண்ணிச் சொல்லாவிட்டால் நாளைக்கு ஆபீசில் இந்த இடத்தைச் சாம்பல் என்று எழுதிவிடுவார்கள், இருக்கிற காடும் போய்விடும்.

அண்ணாச்சி அரிவாளைக் கீழே வைத்தார். "செடிக்கா நம்பர் போட்டிருக்கு?"

"நான் அப்பமே சொன்னேன்," என்றார் அவர் சம்சாரம், டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டே. "காட்டுக்குள்ள யாரு வீடு குடுப்பா, போயி இன்னொருக்க கேளுங்கன்னு. அந்தத் தம்பி 'ம்'னு சொல்லிட்டான்னு ஒத்தக்கால்ல நின்னாவ."

எனக்கு அந்தக் குவியலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் கிளார்க் கிளார்க்தான். ஒரு வாய் காப்பி குடித்ததும் அண்ணாச்சிக்குத் தெளிந்துவிட்டது. வெட்டினேனே தவிர வெளியே ஒன்றும் கொண்டுபோகவில்லை, எல்லாம் இங்கேயேதான் இருக்கிறது, எண்ணிவிடலாம் என்றார். வேரைத் தோண்டவில்லை, மழைக்குத் துளிர்த்துவிடும் என்றும் ஆறுதல் சொன்னார். பிறகு என் நோட்டை வாங்கிக் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். என் ஆபீசர்கூட அவ்வளவு நேராகப் போட மாட்டார்.

நான் வேலியைப் பிரித்தேன். கீகர் ஒரு பக்கம், இலந்தை ஒரு பக்கம். ஒவ்வொரு முள்ளும் என் கையில் கையெழுத்துப் போட்டது. குவியலை அண்ணாச்சியின் சம்சாரம் கீரை ஆய்கிற வேகத்தில் பிரித்து அடுக்கினார். மத்தியானம் கூட்டிப் பார்த்தோம். ரிட்ஜின் சொந்தச் செடி, நிற்கிற தௌ இரண்டையும் சேர்த்து, முப்பத்தெட்டு. கீகர் முப்பத்தாறு.

"பச்ச," என்றார் அண்ணாச்சி.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் சம்சாரம் பக்கத்து மனையின் எல்லையில் கிடந்த முள்ளைக் கை காட்டினார். பெரியவரிடம் அரிவாள் இல்லையே, அந்த முள் ஏது என்று கேட்டார்.

நான் வருவதற்கு முன்பே பெரியவர் அண்ணாச்சியிடம் முள் இரவல் வாங்கியிருந்தார். அண்ணாச்சி மூன்று முள்செடி கொடுத்ததாகச் சொன்னார். மூன்றும் கீகர் என்றால் கீகர் முப்பத்தொன்பது. சதுரம் சாம்பல்.

நான் அந்தப் பக்கம் பார்க்காமலே கிளம்பியிருக்கலாம். ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் நோட்டு அண்ணாச்சியின் கையில் இருந்தது. அவர் பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போய்க் கேட்டேன். பெரியவர் முள்ளைத் தர மறுத்தார். தன் எல்லையில் அரசாங்கம் தலையிடக் கூடாதாம். அண்ணாச்சி தன்னுடைய முப்பத்து மூன்று வருஷத் திருநெல்வேலி ஹிந்தியில் ஏதோ எடுத்துச் சொன்னார். பெரியவர் கடைசியில் பைஜாமாவைப் பிடித்தபடியே காலால் முள்ளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார்.

முதலாவது கீகர்.

இரண்டாவது கீகர். முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு.

மூன்றாவதைக் குனிந்து எடுத்தேன். வட்ட இலை, அடியில் வெள்ளைச் சுணை, காம்போடு ஒரு காய்ந்த பழம். இலந்தை.

முப்பத்தொன்பது. ஒரே ஒரு இலந்தையில் பச்சை. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். நான் சத்தம் போட்டது அன்றைக்கு அது ஒன்றுதான்.

பெரியவர் நாடாவை அவிழ்த்து, போட வேண்டிய இடத்தில் போட்டுக்கொண்டு, டில்லியில் நல்லவனுக்கு இடமில்லை என்று ஹிந்தியில் சொல்லியபடி போனார். அண்ணாச்சியின் சம்சாரம் ஜமக்காளத்தை உதறி மடித்து, ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. 'சதுரத்துக்கு ஏற்பட்ட இடையூறு, காரணத்துடன்.' வழக்கமாக ஆடு என்றோ விறகு வெட்டினார்கள் என்றோ எழுதுவோம். நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"நம்ம பேரு வேண்டாம் தம்பி. 'காரணம் விசாரணையில் உள்ளது'ன்னு எழுது," என்றார், அரிவாளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே. "என் சர்வீஸ்ல அத எவனும் விசாரிச்சு நான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.