பிச்சிக்குத் தண்ணீர் ஊற்றியவர்

அன்றைக்கு உப்பளத்து ஓரத் தோட்டத்தில் இருந்தவர்கள்: மானியம் அண்ணாச்சி, அவருக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளையிலிருந்து வந்த மேடம், மேடத்தின் கார் டிரைவர், தண்ணி லாரிக்காரனாகிய நான். நாலே பேர். எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

மானியம் வாங்காமல் ஒரு செடியை முறைத்துக்கூடப் பார்க்காத மனுஷன் தூத்துக்குடியிலேயே அவர் ஒருத்தர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கடலில் சங்கு குளித்துக் குளித்துக் காது போய், இடது காலும் இழுத்துக்கொண்ட பிறகு தோட்டத்துக்கு மாறியவர். ஒட்டுக்கட்டப் படிக்க ஒரு மானியம். மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டி போய்வர ஒரு மானியம். சளியோடும் ஒரு ரோஜாக் குச்சியோடும் திரும்பினார். மூன்றாவதுதான் பெரிசு: உப்பு பூத்த தரையில் பிச்சிப்பூ வளர்க்க.

"உப்புல பிச்சி வருமா அண்ணாச்சி?" என்று அவர் காதுக்குள் கத்தினேன்.

"வராதுன்னு தெரிஞ்சா எவம்லே மானியம் தருவான்? வரும்னு தெரிஞ்சாலும் தரமாட்டான். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்லே!" அவர் போட்ட சத்தத்தில் உப்பளத்துக் கொக்கெல்லாம் பறந்தன.

குழியில் சிப்பி ஓடுகளை நிரப்பி, மேலே ஸ்ரீவைகுண்டத்து வண்டல் போட்டு நட்டார். வாரம் மூணு லோடு நான் ஊற்றுவேன், லோடு அறுநூறு ரூபாய். முதல் தவணை அதிலேயே கரைந்தது. இரண்டாம் தவணைக்கு மேடம் நேரில் வந்து செடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், தண்ணீர் பில்லும் வேண்டும். தவணை வராவிட்டால் தோட்டம் அத்தோடு காலி.

மேடம் வருகிற வாரமாகப் பார்த்து என் லாரிக்கு கிளட்ச் போயிற்று. தூத்துக்குடியை ஒட்டின புதுக்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் லாரியோடு நானும் கிடந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் படிப்புதான் வராது, பயம் நன்றாக வரும். செடி கருகும், தவணை நிற்கும், கடைசியில் என்னைத்தான் பிடிப்பார்கள். அண்ணாச்சியிடம் செல்போன் கிடையாது. இருந்தாலும் அவருக்குக் கேட்காது. மேடம் வருகிற அன்று காலையில் ஒரு பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பிச்சி பச்சைப்பசேல் என்று நின்றது. குழியெல்லாம் ஈரம்.

"வேற லாரி விட்டியளா அண்ணாச்சி?"

"லாரியா? காலையில வந்து பாத்தா நனைஞ்சு கெடக்கு. யாரோ ஊத்திட்டுப் போறான். நல்ல வேலைக்காரன்!"

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். எங்கே தோண்டினாலும் கரிக்கிற இடத்தில். அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். வெள்ளை உப்புப் பொருக்கில் வெறுங்கால் தடம். கடல் பக்கமிருந்து வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

மேடம் வந்தார், செடியைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். "தண்ணி பில் குடுங்க சார், முடிச்சிடலாம்." மேடம் கேட்டதையெல்லாம் நான்தான் அண்ணாச்சி காதுக்குள் கத்தினேன்.

நானே மூணு லோடு என்று பில் எழுதப் போனேன். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். "ஏலே, நீ ஊத்தாத தண்ணிக்கு உன் பேரா? ஊத்துனவன் வயித்துல அடிக்காத!"

"ஊத்தினவர் யாரு சார்? பேரு, கையெழுத்து வேணுமே."

"தெரியாது மேடம். கடல்ல இருந்து வாரான்."

"மீனவரா?"

"முன்ன இருந்திருப்பான். இப்ப என்னன்னு சொல்லத் தெரியல."

மேடம் பேனாவை மூடினார். "பில் இல்லாம ரெண்டாவது தவணை வராது சார்." அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை. பில் எழுத விடச் சொல்லி நான் அவரிடம் கெஞ்சினேன், காலைப் பிடிக்காத குறை. சரி, மேடத்தின் மனசையாவது கரைப்போம் என்று அண்ணாச்சி ஊட்டி ரோஜாவைப் பற்றி ஆரம்பித்தார்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், கடைசி வரிசையில் சத்தம் கேட்டது. குடத்தைச் சரித்து ஊற்றுகிற சத்தம், நிதானமாக. ஆள் இல்லை. மண் மட்டும் கறுத்தது. அடுத்த குழி. அதற்கடுத்த குழி. டிரைவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டான். நான் சிலுவை போட்டேன். காது கேட்காத அண்ணாச்சி மட்டும், "அந்த ரோஜா இம்புட்டு பெருசு மேடம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேடம் மறுபடி பேனாவைத் திறந்தார். 'தண்ணீர் வசதி திருப்தி' என்று கிறுக்கிவிட்டு, வாங்கி வைத்த கலர் சோடாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தவணை வந்தது. முதல் வேலையாக அண்ணாச்சி மூணு லோடு கூலியைத் தனியாக எடுத்து என் கையில் திணித்தார். "நீ சுத்துறவன். ஆளப் பாத்தா குடுத்துரு."

"நான் எதுக்கு அண்ணாச்சி அவரப் பாக்கணும்!" என்று அலறினேன். அவருக்கா கேட்கும்? பணம் இன்னும் லாரி சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

போன வருஷம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். மானியமும் நின்றது. டேங்கில் மிஞ்சுகிற தண்ணீரை நான் பிச்சிக்குக் கொண்டுபோவேன். சில நாள் எனக்கு முன்னாலேயே குழி நனைந்திருக்கிறது. உப்பில் இப்போது இரண்டு ஆள் தடம். ஒன்று இடது காலை இழுத்து இழுத்து வந்திருக்கிறது.

பயம் விட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இழுத்த தடத்தின் மேல் டயரை ஏற்ற மனசு வராமல் சுற்றித்தான் ஓட்டுகிறேன். ஊற்றினவன் வயிற்றில் அடிக்கக்கூடாது என்று சொன்ன மனுஷன். அவருக்கும் அதே கூலி போட்டிருக்கிறேன். ஆக, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாக்கி மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.