வராந்தாவில் ஒரே ஒரு நாற்காலி

இந்த ஜென்மத்தில் அக்கரைத் தோட்டக் காட்டுக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டுவதில்லை என்று மருதப்பன் முடிவு செய்தான். முடிவு செய்தது 1961 டிசம்பர் முதல் தேதி. தாண்டியது அதே டிசம்பர் பதினொன்று.

மருதப்பன் சுகாதாரப் பகுதியில் கொசு எண்ணெய் மண்டோர். கீழே ஆறு ஆட்கள். முதுகில் தகரக் குப்பி, கையில் குழாய். சாக்கடை, குட்டை, எங்கே தண்ணீர் நின்றாலும் தெளித்துவிட்டு வருவார்கள். சிராங்கூன் ரோட்டில் அவன் வருவதற்கு முன்னால் அவன் வாடை வரும். வீடு நோரிஸ் ரோட்டில். இரண்டு அறை, மூன்று பிள்ளைகள், ஒரு மனைவி.

மனைவி ரத்தினம்மா அதிகம் பேசமாட்டாள். கேட்டுக்கொள்வாள். அதுதான் ஆபத்து என்பது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் அவனுக்கு உறைக்கவில்லை.

அவள் தம்பி தங்கராஜு கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. இத்தனை வருஷம் காட்டில் கம்யூனிஸ்ட் சண்டை, அவசரகாலம். ஊரடங்கு, முள்கம்பி, துப்பாக்கி. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அது முடிந்து ஒரு வருஷமாகிவிட்டது. இப்போது தம்பி எழுதியிருந்தான். துரை பங்களா காலியாகக் கிடக்கிறது. பள்ளிக்கூட லீவுக்கு எட்டு நாள் வந்து தங்குங்கள். கல்யாணமான நாளிலிருந்து ரத்தினம்மா நோரிஸ் ரோட்டைத் தவிர வேறு எங்கும் தூங்கியதில்லை. கடிதத்தை நாலு தடவை படித்தாள்.

மருதப்பனுக்கும் எட்டு நாள் லீவு இருந்தது. அதை ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த தன் வீட்டில் தூங்கிக் கழிக்க நினைத்திருந்தான். அதோடு அவனுக்குப் பயம். நிஜமான பயம். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரர்கள் அவனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். பக்கத்துப் பாயில் நடுங்கிக்கொண்டே படுத்தவர்கள் விடிந்தபோது நடுங்கவில்லை. காட்டுக் கொசுவின் ரீங்காரம் இன்றைக்கும் அவனுக்கு முதுகில் கேட்கும். இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. மண்டோர் கொசுவுக்குப் பயப்படுகிறான் என்றால் யார் மதிப்பார்கள்?

"அங்கே மலேரியா" என்றான்.

"இங்கே?"

"இங்கே நான் இருக்கேன்லா. ஒரு கொசு முட்டை போட முடியுமா?"

"அப்போ அங்கேயும் நீங்க வந்துட்டா சரியாப் போச்சு."

மருதப்பன் கோப்பியைக் குடித்தான். பேச்சு தப்பான சந்தில் திரும்பிவிட்டது.

மறுநாள் பிள்ளைகளின் சிலேட்டை எடுத்து நடுவில் கோடு போட்டான். ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் வீடு. தோட்டத்தில் ஓடை, நிழல், ஓட்டைக் கூரை, பக்கத்தில் காடு. வீட்டில் கம்பிவலை. எது மேல் என்று நீயே சொல் என்றான். குளிர்காய்ச்சல் எப்படி வரும் என்று படுத்து நடுங்கியும் காட்டினான். கட்டில் சுவரில் இடித்தது. மூத்தவள் லீலாவுக்குப் பத்து வயது. கை தட்டினாள்.

ரத்தினம்மா சிரிக்கவில்லை. விசாரித்தாள்.

அந்தக் கொசு எந்நேரம் கடிக்கும்? பொழுது சாய்ந்தால். வெள்ளைத் துணியைத் தேடி வருமா, கறுப்பையா? கறுப்பை. வயிறு நிரம்பினால் என்ன செய்யும்? சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கும். ரெண்டு மூணு நாளைக்கு யார் பக்கமும் வராது. அஞ்சு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அஞ்சு பேரையும் ஒரே மாதிரி கடிக்குமா?

இந்தக் கேள்வி வந்ததும் மருதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் பெற்ற ஒரே வெற்றி இதற்குள்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைக்கார ஆபீசர் ஐந்து பேரைச் செலேத்தார் சதுப்பு ஓரம் உட்காரவைத்தார். காற்சட்டையை மடித்துவிடு, காலில் உட்கார்ந்த கொசுவைக் கண்ணாடிக் குழாயில் பிடி. ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று கொசு. அதில் நாற்பத்தொன்று மருதப்பன் காலில். ஆபீசர் கை குலுக்கினார். ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவன் இலையை மூடியதில்லை.

இப்போது மனைவிக்கும் மறுபடி சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். பயந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டான். அன்றைக்கே தம்பிக்குக் கடிதம் எழுதினாள். வரவில்லை என்று எழுதுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். தம்பியிடமிருந்து ஆள் மூலம் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. அதைப் பற்றி ஒன்றும் எண்ணவில்லை.

அப்புறம் வீட்டில் பாகற்காய். பிள்ளைகளுக்கு வேறு கறி, அவனுக்குப் பாகற்காய். குழம்பு, பொரியல், மறுபடி குழம்பு. இவ்வளவு கசக்கும் பாகற்காயை அவன் பார்த்ததில்லை. தோற்ற கோபத்தை அடுப்பில் காட்டுகிறாள், காட்டட்டும் என்று பெரிய மனதோடு வழித்துச் சாப்பிட்டான்.

பத்தாம் தேதி சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் பெட்டி கட்டியிருந்தது.

"பிள்ளைகளை நான் கூட்டிட்டுப் போறேங்க. தனியாப் போகத்தான் பயமா இருக்கு. கொசுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆம்பிளை ஒருத்தர் கூட இருந்தா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு மருதப்பன்தான் முடித்தான்.

பஸ் கோத்தா திங்கி வரை. அங்கிருந்து தோட்டத்து லாரி. ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும் பகல் மூன்று மணிக்கே இருட்டு. மரங்கள் ஒரே அளவில், ஒரே சாய்வில், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை. பறவைச் சத்தம் இல்லை. புளித்த பால் நாற்றம் மட்டும். பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் லாரி நின்றது. ஜனம் கூடி நின்றது. வரவேற்க என்று நினைத்து மருதப்பன் கை கூப்பினான். யாரும் திருப்பிக் கூப்பவில்லை. பூவம்மா என்று ஒரு பால்வெட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும், முன்னால் வந்து அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு ரத்தினம்மாவிடம் திரும்பினாள்.

"ஏம்மா, இவர்தானா?"

"இவர்தான்."

பூவம்மா இரண்டு விரலால் அவன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. என்ன விஷயம் என்று மைத்துனனைக் கேட்டான். "ஒண்ணுமில்ல மாமா, பட்டணத்து ஆளைப் பார்த்ததில்ல" என்று தங்கராஜு மரங்களைப் பார்த்துச் சொன்னான்.

பங்களா மேட்டில் இருந்தது. கீழே இருநூறு கெஜத்தில் லயம். மறுபக்கம் பள்ளம், ஓடை, காடு. துரை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது அந்த வீட்டில்தான் என்று லாரிக்காரன் இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனான். உள்ளே சாமான் ஒன்றும் இல்லை. வராந்தாவில் மட்டும் ஒரு பிரம்பு நாற்காலி, கால் நீட்டி வைக்கக் கைகள் நீண்ட பழைய துரை நாற்காலி, காட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. பன்னிரண்டு வருஷத் தூசி படிந்த வீட்டில் அது மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது.

ஆறரை மணிக்கு ரத்தினம்மா கோப்பி கொண்டுவந்தாள். அவளும் பிள்ளைகளும் வெள்ளை உடுப்பு. எல்லார் மேலும் செராய் என்ற எலுமிச்சைப் புல் எண்ணெய் மணந்தது. அவன் பெட்டியில் இடுப்பில் கட்டக் கறுப்புச் சாரம் ஒன்றுதான் இருந்தது.

"உக்காருங்க. காத்து வரும்."

அவன் உட்கார்ந்தான். அவள் பிள்ளைகளோடு உள்ளே போனாள். கதவு தாழ் விழுந்தது.

காற்று வரவில்லை. சத்தம் வந்தது. முதலில் பள்ளத்தில், மெல்லிய கம்பியை யாரோ இழுப்பது போல. பிறகு மேலே ஏறி, வராந்தாவைச் சுற்றி, காதுக்குள். மருதப்பன் முதுகு சில்லிட்டது. கீழே பார்த்தான். லயத்து ஜனம் வாசலுக்கு வாசல் வரிசையாக நின்று அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை. அவன் கையை ஆட்டினான். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காலையில் கடிகளை எண்ணினான். வலக்காலில் அறுபத்தாறு வரை எண்ணி விட்டுவிட்டான். பிள்ளைகள் மேல் ஒன்று இல்லை. ரத்தினம்மா மேல் ஒன்று இல்லை. மைத்துனன் மேல் இல்லை. ராத்திரி எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்றார்கள். கொசு எண்ணெய் மண்டோருக்கு இது புரியவில்லை. கொசு என்றால் ஆளுக்கு ஒன்றாவது கடிக்கும். ஒருத்தனை மட்டும் கடித்தால் அது கொசு அல்ல.

இரண்டாம் நாள் படியில் முட்டைகள் இருந்தன. மூன்றாம் நாள் ஒரு தார் வாழைப்பழம், ஒரு கோழி. யார் வைத்தது என்று தெரியவில்லை. ரத்தினம்மா ஈரலும் முருங்கைக்கீரையுமாகப் போட்டாள், பாகற்காயையும் விடவில்லை. "நல்லா ரத்தம் ஊறும்" என்றாள். காளி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கும் கடைசி வாரம் இப்படித்தான் தீனி என்பது மருதப்பனுக்கு ஞாபகம் வந்தது. வாயில் இருந்த ஈரல் இறங்கவில்லை.

"ரத்தினம்மா, இந்த வீட்டுல என்னமோ இருக்கு."

"என்னங்க இருக்கு?"

"துரை. என் மேல கண்ணு வச்சிருக்கான்."

"அவருக்கு மரியாதையா உக்காந்து காட்டுங்க. போயிடுவார்" என்று சொல்லி அவள் கோப்பியை நீட்டினாள்.

நாலாம் நாள் அந்தியில் அவனால் முடியவில்லை. ரீங்காரம் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து கதவைத் தள்ளினான். தாழ்.

அப்போதுதான் கீழே லயத்தில் ஒரு சத்தம். பட். இன்னொரு வீட்டில் பட், பட். கை தசையில் விழும் சத்தம். வரிசை நெடுகிலும் அது பரவியது. ஒரு குழந்தை வீறிட்டது. நூறு கைகள், யாரையோ கூடி அடிப்பது போல, இருட்டுக்குள்.

மருதப்பன் நடுங்கி நாற்காலியில் விழுந்தான்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. ரீங்காரம் அவனிடம் திரும்பியது.

எழுந்தான். நின்று பார்த்தான். பட், பட், பட். உட்கார்ந்தான். அமைதி. மூன்றாம் தடவை எழுந்தபோது கீழேயிருந்து பூவம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அய்யா, புண்ணியமாப் போகும், உக்காருங்க."

மண்டோருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேய் பிடித்தவன் போலக் கதவைத் தட்டினான். ரத்தினம்மா திறந்தாள். மறைக்கவில்லை. நாற்பத்தொரு கொசுக் கதையைத் தம்பிக்கு எழுதியது அவள்தான். தோட்டத்து மருந்தறையில் தட்டுப்பாடு. ஒரு ஆளுக்கு வேண்டிய மலேரியாக் கசப்பு மாத்திரைதான் தம்பியால் அனுப்ப முடிந்தது. நாம் ஐந்து பேர்.

"யாருக்குக் குடுக்கறதுன்னு மூணு நாள் யோசிச்சேன். எல்லாக் கொசுவும் யாரைக் கடிக்குமோ அவருக்குக் குடுத்தேன். பொடிச்சு, பாகற்காயில போட்டு. மருந்தறை டிரசர் சொன்னபடி ஒரு நாள் தவறாம."

மருதப்பன் அந்தக் கணக்கில் ஓட்டை தேடினான். அவன் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. ஓட்டை இல்லை.

"சயாம்ல என் பக்கத்துப் பாயில..." என்று ஆரம்பித்தான்.

"தெரியுங்க. தூக்கத்துல சொல்லுவீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதனாலதான் மாத்திரையை உங்களுக்கு வச்சேன். செராய் எண்ணெய் பாதி நேரம் வேலை செய்யாது. மாத்திரை செய்யும். ஊருக்குப் போயும் ஒரு மாசம் சாப்பிடணும்."

பன்னிரண்டு வருஷமாகத் தான் ஒளித்து வைத்ததை அவள் பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இனி கோபப்படுவதா, அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கோபம் சுலபமாக இருந்தது. நாளைக் காலையில் கிளம்புகிறோம், இதற்கு மேல் ஒரு அந்தி இந்த வராந்தாவில் உட்காரமாட்டேன் என்று கத்தினான்.

"சரிங்க" என்றாள் ரத்தினம்மா.

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது கிடையாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

காலையில் லாரி வந்து நின்றது. வேறு லாரி. பின்னால் வாழைமரம் கட்டியிருந்தது. நாலு பேர் புது வேட்டியில் இறங்கி, எலுமிச்சம்பழம் கொடுத்து, அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். ரத்தினம்மாவும் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். யார் கையிலும் பெட்டி இல்லை. அவன் பெட்டியை மட்டும் தங்கராஜு லாரியில் ஏற்றினான்.

"இது யாரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். நாளைக்குச் சாயங்காலம் அங்கே கல்யாணமாம். திறந்த வெளிப் பந்தல். முன்னூறு பேர்."

"அதுக்கு நான் எதுக்கு?"

ரத்தினம்மா அவன் கறுப்புச் சாரத்தின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"கேட்டாங்க, குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து விடணும்னும் சொல்லியிருக்கேன்."