மாமனார் ஊருக்குப் பாலம் கேட்காத மாப்பிள்ளைக்கு

கருப்பன்பாறை,
குரங்கணி வழி, போடிநாயக்கனூர்.
ஹேவிளம்பி வருஷம், ஐப்பசி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை காசிராஜன், எம்.பி., அவர்கள் சமூகத்துக்கு, மாமனாரும் இவ்வூர்ப் பஞ்சாயத்துத் தலைவனுமான மொக்கச்சாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அத்தை பெரியம்மாள், மகள் சந்திரவல்லி, மாடு கன்று உட்பட யாவரும் ஓடைக்கு இக்கரையில் சௌக்கியம். டில்லியில் தங்கள் உடம்புக்கும் தங்கள் நேர்மைக்கும் ஒரு குறைவும் வராதிருக்கக் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறோம். நேர்மைக்கு வராது என்று எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக அதையும் சேர்த்து வேண்டிக்கொண்டோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் சத்தியநேசன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, பையைத் தலையில் வைத்து, ஓடைக்குக் குறுக்கே போட்டிருக்கிற இரண்டு மரத்தடிமேல் குந்திக் குந்தி நகர்ந்து வந்து கொடுத்துவிட்டு, "அய்யா, எம்.பி. கடுதாசிங்கிறதால வந்தேன். வேற யாரு கடுதாசின்னாலும் அக்கரையிலயே வச்சிருப்பேன்" என்று சொல்லி, ஒரு லோட்டா காப்பி குடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். இத்தனை பாடுபட்டு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "கருப்பன்பாறை ஓடைப் பாலத்தை மட்டும் டில்லியில் கேட்க இயலாது மாமா, மாமனார் ஊருக்குக் காரியம் சாதித்துக்கொண்டான் என்று நாலு பேர் பேச இடம் கொடுக்கக் கூடாது." நல்லது. அந்த நாலு பேர் யார் என்று பெயரும் விலாசமும் எழுதியிருந்தால் நானே நேரில் போய் ஏலக்காய்த் தேத்தண்ணி கொடுத்துப் பேசிவிட்டு வந்திருப்பேன். உங்களுக்கு வோட்டுப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, நீங்கள் அந்த நாலு பேருக்குத்தான் எம்.பி. என்பது இப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளக் கூடாது. மருமகனை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் சம்பந்தம் வந்தபோது நான் உத்தமபாளையத்தில் வேறு ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தேன். மிலிட்டரியில் இருந்து வந்தவன், நல்ல உயரம். ஊர்தான் விடவில்லை. "தலைவரே, புத்தி கெட்டுப் போச்சா ஒமக்கு? எம்.பி. மாப்ளை வந்தா ஓடைக்குப் பாலம் தானா வரும்ல!" என்று ஆளாளுக்கு வந்து என் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு அரிசி மூட்டையும் அண்டாவும் இந்த ஊர் ஆட்கள் தலைச்சுமையாகத்தான் ஓடையைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். உங்களையும் அப்படித்தான். இந்த ஊர் மொக்கையன் முதுகில் உப்புமூட்டை ஏறி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையோடு வந்து இறங்கினீர்கள். இறங்கிய சூட்டோடு, "இந்தக் காலத்தில் இந்த ஓடைக்குப் பாலம் இல்லாதது நாட்டுக்கே வெட்கம்" என்று ஒரு பேச்சுப் பேசினீர்கள். கைதட்டலில் மேளக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் தாலி கட்டினீர்கள். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். தாலி கட்டுவதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் நாங்கள் உங்கள் தொகுதி ஜனங்கள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் உங்கள் சொந்தக்காரர்கள் ஆகிப்போனோம். மூன்று முடிச்சையும் கண்குளிரப் பார்த்தோம், பாலம் கைநழுவிப் போனதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பேப்பரில் உங்கள் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தேவாரம் ஊர்க்காரர்கள் யானை வந்து சோளத்தைத் தின்கிறது என்றார்கள், அகழி வெட்ட டில்லியில் பணம் கேட்டீர்கள். சரி, யானை பெரிய ஜீவன். பொட்டிபுரத்துக்குக் கிணறு கேட்டீர்கள், வேண்டியதுதான். நடுப்பட்டிக்குப் பாலம் கேட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நானே பஸ்சு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிமிண்டுப் பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், மேலே உங்கள் பெயர் வெட்டின கல். கீழே என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தால் வெள்ளாடு ஓடுகிறது. "தண்ணி எப்பய்யா வரும்?" என்று அங்கே ஒருவரைக் கேட்டேன். "தண்ணியா? பாலத்தக் குடுத்தாங்க, தண்ணிக்கு இனிமேத்தான் மனுக் குடுக்கணும்" என்றார். அவர் கொடுத்து வைத்தவர். அவர் பெண்ணை நீங்கள் கட்டவில்லை.

நாங்களும் சும்மா இருந்துவிடவில்லை. நம் எம்.பி. வாய் திறக்கமாட்டார் என்று ஆனபிறகு, மலைதான் போன வருஷம் கேரளத்தோடு சேர்ந்துவிட்டதே, அந்தப் பக்கத்து எம்.பி.யைப் பிடிப்போம் என்று பத்துப்பேர் குரங்கணிக்கு மேலே ஏறிப்போனோம். அட்டைக்கடிக்குக் கணுக்காலெல்லாம் புகையிலை தடவிக்கொண்டு, ஏலத்தோட்டம் வழியாக ஏறி, அவருடைய ஆளைப் பார்த்து மனுவை நீட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்துவிட்டு, "நிங்ஙளுடெ எம்.பி. நிங்ஙளுடெ மருமகன் அல்லே? பின்னே எந்தினா இவிடெ வந்நது?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு மலையாளம் தெரியாது என்று தலையைத் தலையை ஆட்டினேன். கூட வந்த மொக்கையன், எஸ்டேட்டில் இருந்தவன், "ஒங்க எம்.பி. ஒங்க மருமகந்தானே, பெறகு எதுக்கு இங்கிட்டு வந்தீகன்னு கேக்குறாரு" என்று எல்லாரும் சிரிக்கும்படி வார்த்தைக்கு வார்த்தை தமிழில் பெயர்த்துச் சொன்னான். அவமானத்தில் அட்டை கடித்ததுகூடத் தெரியாமல் இறங்கி வந்தேன்.

பிறகு பஞ்சாயத்தைக் கூட்டினோம். நானே தலைமை. சொந்தம் என்பதுதானே தடங்கல், சொந்தமே இல்லை என்று ஆக்கிவிட்டால்? ஆகவே, "கருப்பன்பாறை ஓடைப் பாலம் கட்டி முடிக்கப்படும் வரையில் திரு. காசிராஜன், எம்.பி., சந்திரவல்லி ஆகியோரின் விவாகத்தை இப்பஞ்சாயத்து ஒத்திவைக்கிறது" என்று ஒரு தீர்மானம் எழுதினோம். எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கைநாட்டு வைக்க மை டப்பாவைத் திறக்கும் சமயத்தில் உங்கள் அத்தை கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றுகொண்டு, "ஏம்ப்பா, கல்யாணத்த ஒத்தி வைப்பீக, சரி. எம்மக வயித்துல இருக்கிறத எங்கிட்டு ஒத்தி வைப்பீக?" என்றாள். திறந்த மை டப்பாவை மூடினோம். கூட்டம் கலைந்துவிட்டது. தலைவன் என்கிற முறையில் நான் மட்டும் கடைசியாக எழுந்து, கடைசியாக வீட்டுக்குப் போனேன், கடைசியாகத்தான் சோறும் கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாலம் கேட்கமாட்டேன் என்று எழுதின அதே காகிதத்தைத் திருப்பினால், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் சந்திராவை உடனே போடிக்கு அனுப்பி வைக்கவும். ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் டாக்டரும் வர முடியாது, நர்சும் வர முடியாது, உயிருக்கே ஆபத்து." அடடா! முன்பக்கம் எழுதியவர் எம்.பி., பின்பக்கம் எழுதியவர் புருஷனா? இரண்டு பேரும் ஒரே மேஜையில்தானே உட்கார்ந்து எழுதினீர்கள்? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லையா? மாப்பிள்ளை, உங்களுக்கு வேறு மனு எதற்கு? அந்தப் பின்பக்கத்தைக் கிழித்து, சந்திரா என்று இருக்கும் இடத்தில் இந்த ஊர்ப் பெண்கள் என்று மாற்றி, மந்திரி மேஜையில் வையுங்கள். அதற்குமேல் ஒரு எழுத்துக்கூட வேண்டியதில்லை.

உயிருக்கு ஆபத்து என்பது எங்களுக்கு உங்கள் கடிதத்தில் வந்த சேதி இல்லை. போன ஐப்பசியில் மொக்கையன் பெண்டாட்டிக்கு வலி கண்டது. உங்களைச் சுமந்து வந்தானே, அந்த மொக்கையன்தான். ஓடையில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் சுருட்டிக்கொண்டு போகிறது. அக்கரையில் போடி நர்சம்மா ஜெயபாக்கியம் பையும் கையுமாக நனைந்துகொண்டு நிற்கிறாள். இக்கரையில் இவள் அலறுகிறாள். நர்சம்மா அங்கிருந்து கையால் ஜாடை காட்ட, இங்கே பெண்டுகள் அதைப் பார்த்துச் செய்தார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இதை நான் உங்களுக்கு அப்போதே எழுதினேன். அனுதாபம் தெரிவித்து, அச்சடித்த காகிதத்தில் பதில் போட்டிருந்தீர்கள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். சந்திரவல்லியை அனுப்பமாட்டேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது உங்கள் வீட்டிலும் வழக்கம்தான், எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். புரட்டாசியில் வளைகாப்புப் போட்டு முறைப்படி அழைத்து வந்தோம், முறைப்படி பிள்ளையோடுதான் அனுப்புவோம். உங்களுக்குப் பயமாக இருக்கிறதா மாப்பிள்ளை? இருக்கட்டும். இந்த ஊரில் பெண்டாட்டி பிள்ளை உள்ள ஒவ்வொருவனும் மானத்தில் மேகம் கூடினால் படுகிற பயம் அது. டில்லிக்கும் கொஞ்சம் வரட்டும். பிள்ளை பிறந்தால் தந்தி அடிக்கமாட்டேன். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டேன். பாலம் வராமல் பிள்ளை முகத்தை உங்களுக்குக் காட்டமாட்டேன். எம்.பி. என்றாலும் சரி, அவருக்கு மேலே இருக்கிறவர் வந்தாலும் சரி. அடுத்த எலெக்ஷனில் எங்கள் வோட்டு யாருக்கு என்று கேட்டு ஆளனுப்ப வேண்டாம், அந்த ஆளும் மரத்தடியில் குந்தித்தான் வரவேண்டியிருக்கும்.

மற்றபடி தாங்கள் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளவும். வேளா வேளைக்குச் சாப்பிடவும், சப்பாத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் கஞ்சி வைத்துத் தரச்சொல்லவும். இத்துடன் ஒரு பொட்டலம் ஏலக்காய், முதல் பறிப்பு, அத்தை கொடுத்து அனுப்பச் சொன்னாள். தங்களுக்குத் தீர்க்காயுசும், பாலம் கேட்கிற வாயும் அருளும்படி கருப்பசாமியை மறுபடியும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமன்,
மொக்கச்சாமி.

பின்குறிப்பு: மேலே கண்ட கடிதத்தை மடித்துப் பசை தடவும்போது மழை பிடித்துக்கொண்டது. மரத்தடி இரண்டும் வெள்ளத்தோடு போய்விட்டன. சத்தியநேசன் வரவில்லை, கடிதம் போகவில்லை. பாலம் கேட்டு எழுதின கடிதம் பாலம் இல்லாததால் பரணில் கிடந்தது. தண்ணீர் வடிந்தால்தான் உங்களுக்கு வந்து சேரும், வடிந்தபிறகு பாலத்துக்கு அவசரமில்லை என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அனுப்பமாட்டேன் என்று மேலே எழுதியது என் வீறாப்பு. உங்கள் கடிதம் வந்த அன்றே டோலி கட்டி ஆளைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். மறுநாளும் நிறுத்தினேன். அவள்தான் அசையவில்லை. "மொக்கையன் பெஞ்சாதிய எந்த டோலியிலப்பா எறக்குன? எம்.பி. பெஞ்சாதிக்கி மட்டும் டோலியா? போ, போயி சோலியப் பாரு" என்று ஏலக்காய் ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டாள். நான் காலில் விழாத குறைதான். நர்சம்மா ஜெயபாக்கியத்துக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினேன். "பாத்துட்டு வெரசாப் போயிருவேன்" என்று வந்தவள், வெள்ளத்தில் இக்கரையோடு மாட்டிக்கொண்டாள். அந்த அம்மாளை மாட்டிவைத்த கருப்பசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்திருக்கிறேன். தாயும் பிள்ளையும் சுகம். அக்கரையில் இந்த மழையில் எந்தப் பிள்ளைத்தாச்சி தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாளோ, அதுதான் நர்சம்மாவுக்கு ஓயாத புலம்பல்.

இப்போது, இதை எழுதும் இந்த நேரத்தில், நீங்கள் எதிர்க்கரையில் நிற்கிறீர்கள். டில்லியிலிருந்து ரயிலுக்கு மேல் ரயில் ஏறி, மாதக் கணக்குப் பார்த்து வந்திருப்பீர்கள். கதர்ச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டது. வாயில் கைவைத்து என்னமோ கத்துகிறீர்கள். வெள்ளத்தின் இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் கத்தியதும் உங்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

முகத்தைக் காட்டமாட்டேன் என்று எழுதினேன். பார்த்தீர்களா, துணியில் சுற்றி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேனே, அது நான்தான். கை வலிக்க வலிக்க நின்றேன். நீங்கள் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எண்ணெய்த்துணியில் சுற்றிக் கல்லோடு கட்டி, மொக்கையன் கையில் கொடுத்து எறியச் சொல்கிறேன். ஓடி ஒளிய வேண்டாம், அவன் கை நிதானமான கை. நின்ற நிற்பில் அங்கேயே மனு எழுதுங்கள். மாமனார் ஊர் என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், மகள் பிறந்த ஊர் என்று எழுதுங்கள். நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். பேசுகிறவர்களை இக்கரைக்கு நடந்து வந்து பேசச் சொல்லுங்கள்.